சோர்வும் சோம்பலும் ஒன்றல்ல

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்தது ஆயர் ஈத்தாம். தீபகற்பத்தின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியே மெர்சிங் கடற்கரைக்குச் செல்லும் சாலையும் அவ்வூரில் சந்திக்கின்றன. கரிய நீர் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். பீங்கான், மட்பாண்டத் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. வழிப்போக்கரின் பசியை ஆற்றியும் பெயர்பெற்ற ஊர். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமை பெறும்வரை, கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பேருந்துகள் பல, அங்கு நின்று இளைப்பாறிய பின்னரே பயணத்தைத் தொடர்ந்தன.

இத்தகைய சாலையோர ஊர்களில் இன்று இருவகைத் தெம்பு விற்கப்படுகிறது. ஒன்று, அடுப்பிலிருந்து இறங்கிய சோறும் கறியும். மற்றொன்று, குளிர்ப்பெட்டியில் வரிசையாக நிற்கும் வண்ண டப்பாக்கள். இரவெல்லாம் சரக்குந்து ஓட்டி வந்தவர் கை நீட்டுவதும், தொழிற்சாலையின் இரவு வேலைக்குச் செல்லும் இளைஞர் கை நீட்டுவதும், தேர்வுக்குக் கண்விழிக்கும் மாணவர் கை நீட்டுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையை நோக்கித்தான். டப்பாவின் மேல் ஆற்றல் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது சர்க்கரையும் காஃபீனும். இனிப்பு நீருக்கு ஆற்றல் என்று பெயர் சூட்டிய வணிகத்தைத் தமிழ்ச் சமுதாயம் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. சொல்லின் பொருளைக் காப்பதே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்கள் முதலில் கேள்வி எழுப்ப வேண்டிய இடம் இதுவே.

பழிச்சொல் ஒன்று

"இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பே இல்லை" என்பது ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அடிக்கடி ஒலிக்கும் கூற்று. முதற்பாட வேளையிலேயே மேசைமீது தலை சாய்க்கும் மாணவன் சோம்பேறி எனப்படுகிறான். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தவாறே உறங்கிப்போகும் தந்தையும், எப்போதும் களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் தாயும் இதே பழிக்கு உள்ளாகின்றனர். பழி சொல்வது எளிது. காரணம் காண்பதுதான் அரிது.

உழைப்பாளியின் தளர்ச்சியைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. காலனிய ஆட்சியாளர் இவ்வட்டாரத்து மக்கள்மீது சுமத்திய அத்தகைய முத்திரையைச் சமூகவியல் அறிஞர் சையது உசேன் அலாத்தாஸ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து தகர்த்தார். அன்று வெள்ளையர் சொன்ன பழியை, இன்று தம் பிள்ளைகளைப் பார்த்துத் தமிழரே சொல்லிக்கொள்வது எவ்வகையில் நியாயமாகும்?

சோம்பல் மனத்தின் குறை. சோர்வு உடலின் முறையீடு. முன்னதற்கு அறிவுரை போதும். பின்னதற்கோ உணவும் உறக்கமும் உடலியக்கமும் வேண்டும். சிலவேளை மருத்துவரும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய நலவாழ்வு ஆய்வு, குழந்தைப்பேற்றுக்குரிய வயதுடைய பெண்களுள் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டது. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! உயிர்வளியைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்கள் குறைந்த உடல், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்பெண்ணைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லும் நாவு, அறியாமையால் பேசும் நாவு.

புழுங்கலரிசி கற்பித்த பாடம்

வயிறு நிறைந்தால் ஆற்றல் வந்துவிடும் என்பது இரண்டாவது அறியாமை. இதனைப் பொய்யாக்கும் சான்று மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே உண்டு. மேடைகளில் அது அரிதாகவே பேசப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் வலுவிழக்கும், உடல் வீங்கும், இதயம் தளரும், பலர் மாண்டு போவர். தளர்ச்சியைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து அந்நோய்க்குப் பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநோயாளர் விடுதிகளிலும் அது ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஆனால் அதே மண்ணில், அதே மழையில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அது அவ்வளவாக அணுகவில்லை. ஏன்?

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு அறுவை மருத்துவராக இருந்த பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். நோயுற்ற சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளையரிசி. நோய் அணுகாத தமிழர் உண்டது புழுங்கலரிசி. இதனை அவர் 1907ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அக்காலத்திலேயே கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் சோதனை ஒன்றை நடத்தினார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேரிடம் பெரிபெரி காணப்பட்டது. அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தவர் இருவரே. அவ்விருவரும் நோயோடு விடுதிக்குள் வந்தவர்கள்.

நோய்க்குக் காரணம் அரிசியில் உண்டாகும் நஞ்சு என்று பிராடன் கருதியது பிழை. ஆயினும் அவர் கண்ட வேறுபாடு மெய். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1909ஆம் ஆண்டு முதல் ஜாவானியத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வுகளால், தீட்டும்போது தவிடோடு கழிந்துபோகும் ஏதோ ஒன்றின் குறையே நோய்க்குக் காரணம் என்பது உறுதிப்பட்டது. அண்டைத் தீவான ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து முன்னரே இவ்வழியில் ஆராய்ந்திருந்தார். 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஏதோ ஒன்றுதான் தயாமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலேயே அது பிரித்தெடுக்கப்பட்டது.

நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அருகில் உள்ள தயாமின் அரிசிமணியின் உள்ளே சென்று தங்குகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் அகல்வதில்லை. நெல் அவித்த தமிழ்ப் பெண்கள் உயிர்ச்சத்து என்ற சொல்லைக் கேட்டவர்களல்லர். ஆயினும் அவர்களது வழக்கம் கடல் கடந்த நாட்டில் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெரிபெரியால் மாண்டவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர், சோறு உண்டவர்கள். மாவுச்சத்து நிறைய இருந்தும், அதனை ஆற்றலாக மாற்றுவதற்கு உடலுக்குத் தேவையான தயாமின் இல்லை. சூளையில் விறகை அடுக்கிக் காற்றுப் புகும் வழியை அடைத்துவிட்டால் புகைதான் எழும்; பானை வேகாது. மட்பாண்டத் தொழில் அறிந்த ஆயர் ஈத்தாம் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வயிறு நிறைந்திருந்தது, உடல் பட்டினி கிடந்தது.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்துக் குன்றியது. மரவள்ளிக் கிழங்கே பலருக்கு அன்றாட உணவாயிற்று. அப்போது கால் வீங்கும் அந்நோய் தமிழரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களைக் காத்தது குலமும் குருதியும் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? உணவு மாறியது, காவல் நீங்கியது.

பழைய கவளம், புதிய வாழ்க்கை

அந்தப் பெரிபெரி இன்று அரிதாகிவிட்டது. ஆனால் அதனை விளைவித்த பிழை வேறு வேடம் பூண்டு வந்துள்ளது. மாவுச்சத்தை மட்டும் குவித்துவிட்டு ஆற்றலை எதிர்பார்க்கும் பிழையே அது.

காலையில் சீனி கலந்த பானமும் வெள்ளை ரொட்டியும். பத்து மணிக்கு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும். நண்பகலில் குவிந்த வெள்ளைச் சோறும், அதன் ஓரத்தில் பெயருக்குச் சிறிது காயும். மாலையில் பலகாரமும் மீண்டும் ஒரு தேநீரும். இரவு பத்து மணிக்கு மேல் மீ கோரெங். இவ்வாறு கழியும் நாளில் வயிறு காலியாக இருந்த வேளை ஏது? எனினும் பருப்பு எங்கே? கீரை எங்கே? பழம் எங்கே? தண்ணீர்தான் எங்கே?

விளைவை அளவுகள் சொல்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசிய வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தாரினும் மிகுதி. நாடு முழுமைக்குமான அளவு 2023ஆம் ஆண்டின் ஆய்வில் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் அதே ஆய்வு, வயதுவந்தோருள் 54.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தோராகவோ உடல் பருத்தோராகவோ உள்ளதாகக் கூறியது. அன்று மலாயாவில் தளர்ச்சி நோய்க்குத் தப்பிய இனம் என்று மருத்துவர் வியந்து நோக்கிய சமுதாயம், இன்று நீரிழிவுப் பட்டியலில் முதலிடம் பெற்றிருக்கிறது. நீரிழிவின் முதல் அறிகுறிகளுள் ஒன்று காரணம் தோன்றாத சோர்வு. அந்தச் சோர்வைப் போக்க இன்னும் ஒரு குவளை இனிப்புத் தேநீரைக் குடிப்பவர், தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறார்.

"ஒல்லியாக இருப்பவருக்கு இந்நோய் வாராது" என்று மனநிறைவு கொள்வாரும் உளர். அதுவும் நிலைக்காது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடன் பணியாற்றியோரும், இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் விகிதம் மிகுந்திருப்பதைக் காட்டினர். ஆசியர் குறைந்த உடல் எடையிலேயே இத்தகைய நோய்களுக்கு ஆளாவதைக் கருதி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் அவர்களுக்கெனக் குறைந்த அளவுகோல்களைப் பரிந்துரைத்தது.

மறுப்புகளும் விடைகளும்

"முன்னோர் மலைபோல் சோறு உண்டனரே, அவர்களுக்கு என்ன வந்தது?" என்பது முதல் மறுப்பு. அந்த முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு பால்மரங்களைச் சீவி, வாளி சுமந்து, மேடும் பள்ளமும் நடந்தவர்கள். உண்ட சோற்றை உழைப்பு எரித்தது. பேரனோ அதே அளவு சோற்றை உண்டு, அலுவலக நாற்காலியிலோ ஓட்டுநர் இருக்கையிலோ எட்டு மணிநேரம் அமர்கிறான். பாட்டனின் கவளம் பேரனுக்குக் கிடைத்தது. பாட்டனின் நடை கிடைக்கவில்லை. மேலும், லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாகப் பாடுவதும் தகாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் தோட்டங்களில் அள்ளிச்சென்ற உயிர்கள் எண்ணற்றவை. முன்னோரிடம் கற்க வேண்டியது புழுங்கலரிசி, பருப்பு, கீரை ஆகிய நல்வழக்கங்களையே. அவர்களது வறுமையை அன்று.

"ஒரு மூலிகை போதும், ஒரு பொடி போதும், எல்லாச் சோர்வும் பறந்துவிடும்" என்று கைப்பேசிச் செய்திகள் வழியே பரப்புவோர் இரண்டாம் அணியினர். பழந்தமிழ் மருத்துவம் என்ற பெயரைச் சொன்னவுடன் ஆராயாமல் தலையாட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் அது. அதன் பத்துக் குறள்களையும் தேடிப் பார்த்தாலும் ஒரு மூலிகையின் பெயர் கிடைக்காது. முன்னர் உண்டது செரித்ததா, உண்மையாகவே பசி எடுத்ததா, உணவு உடலுக்கு ஒத்ததா, அளவு மிகாதிருந்ததா என்பவற்றையே வள்ளுவர் வலியுறுத்துகிறார். மருந்து என்று தலைப்பிட்டு உணவைப் பற்றிப் பேசிய புலவரைப் போற்றுவோர், பொடிகளைத் தேடி அலைவது வியப்பிலும் வியப்பு.

"இனிப்புக் குடித்தால் உடனே தெம்பு வருகிறதே, அனுபவம் பொய்யாகுமா?" என்பது மூன்றாம் மறுப்பு. ஜெர்மானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இனிப்பு உள்ளிட்ட மாவுச்சத்துகளை உண்பதால் மனநிலை உயர்ந்ததற்குச் சான்று இல்லை. மாறாக அரைமணி நேரத்துக்குள் சோர்வு மிகுந்தது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்புக் குறைந்தது. காஃபீனோ ஆற்றலைத் தருவதில்லை. உறக்கம் வேண்டும் என்று மூளைக்கு அறிவிக்கும் பொருளின் வழியை மறித்து நிற்கிறது, அவ்வளவே. உடலில் புகுந்த காஃபீனில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும். ஆகவே மாலை ஆறு மணிக்குக் குடித்த டப்பா, இரவு பதினொரு மணிக்கும் உறக்கத்தின் வாயிலில் காவல் நிற்கிறது. மறுநாள் காலைச் சோர்வுக்கு இன்னொரு டப்பா. இது வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவது போன்றது.

"நல்லுணவுக்குப் பணமும் நேரமும் வேண்டுமே" என்பது நான்காம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. மதித்தே விடையிறுக்க வேண்டும். இரவு வேலையும் பகல் வேலையும் மாறிமாறிச் செய்யும் தொழிலாளரிடம், நேரத்தோடு உண்க, நேரத்தோடு உறங்குக என்று உபதேசம் செய்வது கொடுமை. தொழிலாளரின் வார வேலைநேர வரம்பை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்த சட்டத்திருத்தம் 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் நடப்புக்கு வந்தது. ஓய்வு என்பது தனிமனிதரின் ஒழுக்கம் மட்டுமன்று. கூலியோடும் சட்டத்தோடும் பிணைந்த உரிமையும் ஆகும். இதனை மறந்து எல்லாப் பழியையும் ஏழையின் தலைமேல் ஏற்றுவோர் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

ஆனால் மறுபாதியும் உண்டு. முட்டை, பருப்பு, நெத்திலி, தெம்பே ஆகியவை செல்வர் உணவல்ல. ஜாவானிய வழிவந்தோர் மிகுந்து வாழும் பத்து பகாட் வட்டாரத்தில் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே சந்தைதோறும் கிடைக்கிறது. முருங்கையும் பசலையும் வேலியோரத்தில் வளர்வன. இரண்டு போத்தல் இனிப்புப் பானத்தின் விலையையும் ஒரு குடும்பத்துக்கான பருப்பின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பணம் எங்கே போகிறது என்பது விளங்கும்.

தட்டில் செய்யும் சீர்திருத்தம்

சீர்திருத்தம் அரிய செயலன்று. மலேசிய நலவாழ்வு அமைச்சு பரப்பிவரும் கால், கால், அரை என்னும் முறை குழந்தைக்கும் விளங்கும். தட்டின் கால் பங்கு சோறோ ரொட்டியோ. மற்றொரு கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, தெம்பே போன்ற புரத உணவு. எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். வாழையிலையில் பல கறிகளை வரிசையாக இட்டு உண்ணும் வழக்கமுடைய இனத்துக்கு இது அயல்முறை ஆகாது. இலையின் நடுவே எழும் சோற்றுக் குன்றைக் குறைத்து, ஓரத்தில் ஒதுங்கிய காய்க்கு இடம் கொடுத்தால் போதும்.

கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை; எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ உடன் இருந்தால் ஏற்கிறது. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் அவ்விரும்பைத் தடுத்துவிடுகிறது. எனவே தேநீரை உணவுக்கு ஒரு மணிநேரமேனும் தள்ளிக் குடிப்பது, செலவே இல்லாத மருத்துவம். தேநீரை விட்டொழிக்க வேண்டியதில்லை. அதனைச் சோற்றிலிருந்தும் சீனியிலிருந்தும் பிரித்தால் போதும்.

சர்க்கரைக்கும் கணக்கு உண்டு. உணவில் சேர்க்கும் சர்க்கரை, நாளைய ஆற்றல் தேவையில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் அடங்கினால் மேலும் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தந்த வழிகாட்டல். இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு அந்த ஐந்து விழுக்காடு 25 கிராம். ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. அரசாங்கம் 2013ஆம் ஆண்டில் சீனிக்கான உதவித்தொகையை நிறுத்தியது. 2019ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு வரி விதித்தது. ஆயினும் சரியாக 5 கிராமோடு நின்று வரிக்குத் தப்பும் பானத்திலும், 500 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றில் 25 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரே போத்தலில் நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஒட்டுக்கடையில் ஆற்றப்படும் தேநீரையோ அவ்வரி தொடுவதே இல்லை. சட்டம் செய்ய இயலாததைக் கரண்டி பிடிக்கும் கைதான் செய்ய வேண்டும்.

இம்மாற்றங்கள் பயன் தருமா என ஐயுறுவோருக்குச் சென்னை விடை சொல்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியானது. உணவையும் உடலியக்கத்தையும் சீர்படுத்தியோரிடம் நோய்வாய்ப்படும் இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை உண்டோரிடம் 26.4 விழுக்காடு குறைந்தது. தமிழர் வாழும் நகரத்தில், சோறும் சாம்பாரும் உண்ணும் மக்களிடையே கண்ட முடிவு இது. நடையும் அளவான உணவும் மாத்திரைக்குச் சற்றும் தாழவில்லை.

பள்ளியின் பொறுப்பு

1979ஆம் ஆண்டில் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் ஏழை மாணவருக்கான துணை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அதனை ஒரு கருணைச் செயலாக மட்டும் கருதாமல், கல்வியின் ஒரு பகுதியாகவே ஆசிரியர்கள் கருதவேண்டும். காலையில் பசியாறாமல் வந்த மாணவன் யார், நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருந்தவன் யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாததன்று. பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவ வல்லுநரின் முடிவு. ஆறு மணிநேரம் உறங்கியவனை எழுப்பி நிறுத்திச் சோம்பேறி என்று திட்டுவதைவிட, அவன் பெற்றோரை அழைத்து ஒருமுறை பேசுவது பயன்தரும்.

வகுப்பில் மருந்து அதிகாரத்தை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் இடுவதும், மணி அடித்தபின் சிற்றுண்டிச்சாலையில் வண்ண நீரை விற்பதும் ஒரே பள்ளியில் நடக்குமாயின், மாணவன் எதனைக் கற்பான்? கண்ணால் கண்டதையே கற்பான். பரிசளிப்பு விழாக்களில் இனிப்புப் பொட்டலம், திறன் போட்டிகளில் மால்ட் பானம், ஆசிரியர் நாளில் அணிச்சல் என்று இனிப்பையே அன்பின் அடையாளமாக்கிய வழக்கம் மாற வேண்டும்.

பள்ளியை மட்டும் குறைகூறி நிறுத்துவதும் நேர்மையாகாது. தமிழ் அமைப்புகளின் மேடைகளும் இக்குறைக்கு விலக்கல்ல. மூன்று மணிநேரம் நாற்காலியில் அமர்த்தி, தமிழர் வாழ்வு தழைக்க வேண்டும் என்று முழங்கி, முடிவில் கேசரியும் வடையும் சீனி மிகுந்த தேநீரும் கொடுத்து அனுப்பும் கூட்டங்கள் எத்தனை! வாழ்வு தழைக்க வேண்டும் என்ற சொல் உண்மையாயின், அந்தத் தட்டில் அவித்த கடலையும் வெட்டிய பழமும் இருக்கட்டும். குவளையில் தண்ணீர் இருக்கட்டும். கோயில் அன்னதானங்களிலும் சோற்றோடு பருப்பும் காயும் தாராளமாகப் பரிமாறப்படட்டும். வேண்டும் வேண்டும் என்று சீனியைக் கொட்டுவது விருந்தோம்பல் அன்று.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. புழுங்கலரிசி மலாயாத் தமிழரைக் காத்த வரலாற்றை அவர்கள் ஒரு கட்டுரைப் பாடமாக்கலாம். மாணவர் தத்தம் வீட்டுத் தட்டை ஒருவார காலம் கவனித்து, கால், கால், அரை என்ற அளவோடு ஒப்பிட்டு எழுதட்டும். டப்பாவில் அச்சிட்ட சர்க்கரை அளவைப் படித்துத் தேக்கரண்டிக் கணக்காக்கட்டும். மொழிப்பாடமும் அறிவியலும் கணக்கும் ஒன்றாகச் சேரும் இப்பயிற்சிக்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

நூறாண்டுக்கு முன் தளர்ச்சி நோய் மலாயாவை வாட்டியபோது, தமிழரின் சோற்றுப்பானைக்குள் விடை இருந்தது. அதனைக் கண்டறிய அயல்நாட்டு மருத்துவர் வரவேண்டியிருந்தது. இன்றைய தளர்ச்சிக்கும் விடை அந்தப் பானைக்கு அருகிலேயே, பருப்புச் சட்டியிலும் கீரைக்கட்டிலும், விளக்கணைத்து உறங்கும் நேரத்திலும் இருக்கிறது. அதனைச் சொல்ல வேறொருவர் வரும்வரை தமிழ்ப் பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை முதற்பாட வேளையில் தலை சாய்க்கும் மாணவனிடம் ஏன் தூங்குகிறாய் என்று அதட்டுமுன், காலையில் என்ன பசியாறினாய் என்று ஆசிரியர் கேட்கட்டும். சீர்திருத்தம் அந்தக் கேள்வியில் தொடங்கும்.